முதல் டாட்டூ: பாட்டியின் கையெழுத்தை விரலோரத்தில் குத்திக்கொள்ளலாமா?

தூறல்:
வணக்கம். இதுவரை மற்றவர்களின் கேள்விகளை வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் நழுவிக்கொண்டிருந்தவள், இப்போது என் கேள்வியோடு வந்திருக்கிறேன். முதல் டாட்டூ குத்திக்கொள்ளப் போகிறேன். வேண்டுமா வேண்டாமா என்ற கட்டம் கடந்துவிட்டது. அந்த வகை அறிவுரையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எதை, எங்கே என்பதில்தான் குழப்பம்.

முதல் யோசனை: பாட்டி எனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் 'கண்ணம்மாவுக்கு' என்றுதான் தொடங்கும். அந்த ஒரு சொல்லை மட்டும் அவருடைய கையெழுத்திலேயே, ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில், மயிரிழை போன்ற மெல்லிய கோட்டில் வேண்டும். இரண்டாவது யோசனை: மணிக்கட்டின் உட்புறத்தில் சிறகு விரித்த தகைவிலான் குருவி, வெளிர்நீலமும் வெள்ளையும் கலந்து. என் நிறம் அடர்ந்த மாநிறம். இரண்டில் எதுவானாலும் சிறியதாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன். சிறியது என்றால் வலியும் குறைவு, பின்னால் மனம் மாறினால் வருத்தமும் குறைவு அல்லவா?

எதிர்ப்பாட்டு:
முதலிலேயே வாயை அடைத்துவிட்டீர்கள். ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். பாட்டியின் கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் போதாதா? சுவருக்கு வலிக்காது.

கொக்கி:
சுவரைக் கூடவே தூக்கிக்கொண்டு போக முடியாதே, ஐயா.

ஊசிமுனை:
டாட்டூ போடுவது என் தொழில். விரலோரம் வேண்டாம், தோழி. நான் போட மாட்டேன். கேட்டவுடன் தலையாட்டுகிறவரிடம் நீங்களும் போகாதீர்கள்.

உள்ளங்கைத் தோலும் புறங்கைத் தோலும் சந்திக்கும் விளிம்புதான் விரலின் பக்கவாட்டு. அங்கே தோலின் தடிமன் ஓர் இடத்தில் இருப்பதுபோல் அடுத்த இடத்தில் இருக்காது. ஊசி போக வேண்டிய ஆழம் தோராயமாக ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர். அதற்கு மேலே நின்றுவிட்டால் ஆறும்போதே மை உதிர்ந்துவிடும். ஆழமாக இறங்கிவிட்டால் தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பில் மை பரவி, கோட்டைச் சுற்றி நீலச்சாம்பல் நிழல் படரும். புளோஅவுட் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். விரலோரத்தில் இந்த இரண்டும் ஒரே சொல்லிலேயே நடக்கும்: ஓர் எழுத்து காணாமல் போயிருக்கும், பக்கத்து எழுத்து ஊதியிருக்கும். போதாததற்கு நாளெல்லாம் கை கழுவுகிறோம், விரலோடு விரல் உரசுகிறது.

இனி அந்தச் சொல். எட்டு எழுத்து. அதில் இரண்டு ணகரம், மூன்று மெய்ப்புள்ளி. எவ்வளவு மெல்லிய ஊசியால் போட்டாலும் கோடு ஆண்டுக்கு ஆண்டு சற்றுத் தடிக்கும். இதற்கு விலக்கு கிடையாது. ணகரத்தின் சுழிகளுக்குள் போதிய வெற்றிடம் இல்லையென்றால் அவை அடைபட்டு வெறும் கருப்புப் பொட்டாகிவிடும். புள்ளி எழுத்துக்கு மிக நெருக்கமாக இருந்தால் அதன் தலையோடு ஒட்டிக்கொள்ளும். கோடும் கோணமுமான எழுத்துகளைச் சிறிதாகப் போட்டுத் தப்பித்துவிடலாம். சுழியும் வளைவுமான நம் எழுத்துக்கு இடம் தாராளமாக வேண்டும். உங்கள் சொல்லுக்கு என் கணக்கில் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம் குறைந்தபட்சம். ஒரு விரலில் அதற்கு எங்கே போவது?

'சிறியது என்றால் வலி குறைவு' என்பதும் பாதிதான் சரி. நேரம் குறையும். வலி இடத்தைப் பொறுத்தது. விலா எலும்பின் மேல் ஒரு சின்ன நட்சத்திரம் போடும்போது அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். மேற்கையின் வெளிப்புறத்தில் மூன்று மணி நேரம் போட்டும் கதை பேசிக்கொண்டிருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் முதன்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் அலைபேசியில் ஒரு படத்தை நீட்டி, இதை எங்கே வைக்கலாம் என்று கேட்கிறார்கள். நான் அந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்வேன். உடம்பில் எந்த இடம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்பதை அந்த இடமே சொல்லிவிடும். அந்த அளவில் எது நிற்கும் என்று அதன்பிறகு பாருங்கள்.

மூன்றாம்மாடி:
வலியைப் பற்றி ஒரு சேர்க்கை. எலும்பு தோலுக்கு அருகில் இருக்கும் இடங்கள், அதாவது விலா, முன்னங்கால் எலும்பு, பாதத்தின் மேற்புறம், கணுக்கால், முதுகுத்தண்டு எல்லாம் கடுமை. முழங்கையின் உள்மடிப்பும் முழங்காலின் பின்மடிப்பும் அக்குளும் தனி ரகம். முன்கை, மேற்கையின் வெளிப்புறம், தொடையின் வெளிப்புறம், கெண்டைக்கால் ஆகியவை முதல் முறைக்கு ஏற்றவை. உள் மணிக்கட்டு நடுத்தரம், ஆனால் நரம்பு துடிப்பது போன்ற ஒரு கூச்சம் இருக்கும்.

இரவுப்பணி:
மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். இங்கே யாரும் இன்னும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். தூறல், உங்கள் உடம்பில் ஏற்கெனவே தடித்த தழும்பு ஏதாவது உண்டா? காது குத்திய இடம், அம்மை வடு, அறுவைச் சிகிச்சைத் தையல், பழைய வெட்டுக்காயம் என எங்கேயாவது காயத்தின் எல்லையைத் தாண்டித் தோல் புடைத்து வளர்ந்திருக்கிறதா? அதுதான் கீலாய்டு. நிறம் அடர்ந்த தோலுக்கு இந்தப் போக்கு கூடுதல். மார்பின் நடுப்பகுதி, தோள்பட்டை, மேல்முதுகு, காதுமடல் ஆகியவை அது அதிகம் வரும் இடங்கள். உங்களுக்கோ நெருங்கிய இரத்த உறவுக்கோ இருந்தால் தோல் மருத்துவரைப் பார்க்காமல் ஊசியைத் தொடாதீர்கள்.

மை ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் இடத்தைத் தேர்ந்தெடுப்பது எளிதாகும். மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை முழுவதுமாக உதிர்ந்து புதிதாகிறது. அதில் எதை எழுதினாலும் போய்விடும். அதற்குக் கீழே இருக்கும் அடித்தோலில்தான் மை தங்குகிறது. உடம்புக்கு அது அந்நியப் பொருள். மேக்ரோபேஜ் என்ற காவல் அணுக்கள் ஓடிவந்து விழுங்கிக்கொள்கின்றன. செரிக்க முடியாமல் வைத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த அணு இறந்தால் சிந்தும் மையை அடுத்து வரும் அணு எடுத்துக்கொள்கிறது. இந்தக் கைமாற்றத்தைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2018-இல் எலிகளிடம் கண்டறிந்து வெளியிட்டார்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கோட்டின் விளிம்பு சற்று நகரக்கூடும் என்று நினைத்துப் பாருங்கள். மேலே ஊசிமுனை சொன்ன 'தடிக்கும்' என்பது விளங்கும்.

பழம்பேனா:
இடம் பற்றிய பேச்சு வந்ததால் சொல்கிறேன். 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த ஓட்சி என்ற மனிதனின் உடலில் பச்சை குத்திய 61 குறிகள் இருக்கின்றன. ஏறக்குறைய 5,300 ஆண்டுப் பழமை. மை வெறும் கரி. அவற்றில் பலவும் இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுத் தேய்மானம் கண்ட இடங்களை ஒட்டியே இருக்கின்றன. நோவுக்கு வைத்தியமாகக் குத்தியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆக, அழகு பார்த்து இடம் தேடுவது பிற்காலத்துச் சங்கதியாக இருக்கலாம். மின்சார டாட்டூ இயந்திரத்துக்கு நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி காப்புரிமை வாங்கியது 1891-இல். எடிசன் படி எடுப்பதற்காகச் செய்த மின்பேனாதான் அதற்கு மூலம். இவ்வளவு வரலாற்றிலும் மாறாதது கரி மைதான்.

கொக்கி:
பழம்பேனா ஐயா வந்துவிட்டார், இனி இந்த உரையாடல் இழை எகிப்து வரை போகும்.

பழம்பேனா:
போகாது தம்பி. கருப்பைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்ல வந்தேன், வழியில் கொஞ்சம் சுற்றிவிட்டேன்.

தூறல்:
எல்லோருக்கும் நன்றி. காதுமடல் சாதாரணமாகத்தான் இருக்கிறது. வீட்டிலும் யாருக்கும் அப்படித் தழும்பு இல்லை. விரலை விட்டுவிட்டேன், கொஞ்சம் வருத்தத்தோடு. இணையத்தில் பார்க்கும் விரல் டாட்டூக்கள் அத்தனை அழகாக இருக்கின்றனவே, அவையெல்லாம் எப்படி? குருவியின் நிறங்களைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

ஊசிமுனை:
போட்டு முடித்த பத்தாவது நிமிடத்தில், நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்கள் அவை. அந்த நேரத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். யாரிடம் போனாலும் 'ஆறிய படம் காட்டுங்கள்' என்று கேளுங்கள். ஆறு மாதம் ஆனது, ஓராண்டு ஆனது, முடிந்தால் ஐந்தாண்டு ஆனது. காட்டத் தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் நிறத்தை ஒத்த தோலில் போட்ட படங்கள் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

நிறத்துக்கு வருகிறேன். மை இருப்பது அடித்தோலில். தோலுக்கு நிறம் தரும் மெலனின் இருப்பது அதற்கு மேலே. எந்த மையையும் உங்கள் தோலின் நிறம் வழியாகத்தான் பார்க்கப் போகிறீர்கள். வெளிர்நீலமும் வெள்ளையும் அடர்ந்த மாநிறத்தில் தனித்துத் தெரியாது. வெள்ளை ஆறிய பிறகு மங்கிய மஞ்சளாக, சில சமயம் பழைய தழும்பு போலத் தோன்றும். கருப்பு மட்டுமே போதும்.

நாவற்பழம்:
வெளிர்நிறங்கள் பற்றிச் சொன்னது சரி. 'கருப்பு மட்டுமே' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நான் நல்ல கருநிறம். என் தோளில் அடர்சிவப்பும் கருநீலமும் கொண்ட செம்பருத்தி இருக்கிறது. பல ஆண்டுகளாகத் தெளிவாகவே இருக்கிறது. கருநிறத்தில் வண்ணம் எடுக்காது என்று என்னைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. அது தோலின் குறை அன்று, அவர்கள் கற்றுக்கொள்ளாததன் குறை. அடர்த்தியான வண்ணம், பெரிய பரப்பு, பக்கத்தில் கருப்பு நிழல் என்று போட்டால் நிற்கும். ஐயமிருந்தால் மறைவான ஓர் இடத்தில் ஒவ்வொரு வண்ணத்திலும் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஆறிய பிறகு எது எப்படித் தெரிகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஊசிமுனை:
நாவற்பழம் சொல்வது நியாயம். கருப்பு மட்டும் என்றது தூறலின் குருவிக்காக. மணிக்கட்டளவு சின்னப் படத்தில் வண்ணத்துக்கு வேலையில்லை.

இரவுப்பணி:
வண்ணத்தில் இன்னொன்று. டாட்டூ மையால் வரும் ஒவ்வாமையில் அதிகம் காணப்படுவது சிவப்பால்தான். சிவப்பு நிரப்பிய பகுதி மட்டும் அரித்து மேடாகும். உடனே அல்லாமல் மாதங்கள் கழித்தும் வரலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மைகளில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்கு வரம்பு விதித்திருக்கிறது. குப்பியில் மையின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்கின்றனவா என்று பார்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மருத்துவரிடம் போக நேர்ந்தால் உதவும்.

'பிடிக்கவில்லை என்றால் லேசரில் எடுத்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள். கருப்பு ஓரளவு எளிதில் கரையும். பச்சையும் மஞ்சளும் வெளிர்நீலமும் அடம்பிடிக்கும். வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல அமர்வுகள் வேண்டும். அடர்ந்த நிறத் தோலில் லேசர் மெலனினையும் தாக்கி வெளிறிய திட்டுகளை விட்டுச்செல்லும் அபாயம் இருக்கிறது.

எதிர்ப்பாட்டு:
சுவரில் மாட்டுங்கள் என்று சொன்னபோது என்னைக் கிண்டல் செய்தீர்கள்.

தூறல்:
ஐயா, உங்களையும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்!

குருவியை இப்போதைக்குப் பறக்க விட்டுவிட்டேன். கையெழுத்துதான். இடது முன்கையின் உட்புறம், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், கையின் நீளவாக்கில், ஒன்பது சென்டிமீட்டர், கருப்பு மட்டும். வேலையிடத்தில் முழுக்கைச் சட்டை போட்டால் மறைந்துவிடும். இனி அடுத்த குழப்பம்: சொல் என்னைப் பார்த்து இருக்க வேண்டுமா, எதிரில் நிற்பவரைப் பார்த்தா? பாட்டி எழுதியது எனக்கு. நான் குனிந்து பார்க்கும்போது நேராகத் தெரிய வேண்டும் என்று ஆசை.

மூன்றாம்மாடி:
உங்களுக்கு எழுதியது உங்களைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். இதில் கேட்க என்ன இருக்கிறது?

ஊசிமுனை:
இருக்கிறது. தொழிலில் எங்கள் வழக்கம், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது எதிரில் இருப்பவருக்கு நேராகத் தெரிய வேண்டும் என்பது. விலங்கு, முகம், பூ எல்லாம் அப்படித்தான் போடுவோம்; இல்லையென்றால் தலைகீழாகத் தொங்கும். பின்னால் அந்தக் கையில் வேறு படங்கள் சேர்க்கும்போதும் திசை ஒத்துப்போகும். நீளவாக்கில் ஓடும் ஒற்றைச் சொல்லுக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. கையைத் தொங்கவிட்டால் அது எப்படியும் செங்குத்தாகத்தான் நிற்கும். முழங்கையை மடித்து முன்கையை உங்கள் முன்னால் குறுக்கே வையுங்கள். அந்த நிலையில் நீங்கள் வாசிக்கும்படி போடலாம். ஆனால் இந்த ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுவேன் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.

இன்னும் முக்கியம், முன்கை முறுக்கும் உறுப்பு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் மணிக்கட்டுப் பக்கத்துத் தோல் திரும்பிவிடும், முழங்கைப் பக்கம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். படுக்கையில் கையை மல்லாக்க நீட்டியபடி ஸ்டென்சில் (ஊசிக்கு முன் வடிவத்தைத் தோலில் பதிக்கும் தாள்) ஒட்டினால் நேர்கோடு. எழுந்து நின்றால் கோணல். அதனால் எழுந்து நின்று, கையைத் தளர்த்தித் தொங்கவிட்ட நிலையில் ஒட்டச் சொல்லுங்கள். கண்ணாடியில் பாருங்கள், கையைத் திருப்பிப் பாருங்கள், மடக்கிப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். ஸ்டென்சில் தாளை மிச்சப்படுத்தி யாரும் கோட்டை கட்டப்போவதில்லை.

நாவற்பழம்:
அதற்கும் முன்னால் வீட்டிலேயே சோதிக்கலாம். கடிதத்தை அதே அளவில் நகலெடுத்துக் கையில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் நடமாடுங்கள். தற்காலிக ஒட்டுப்படமாக அச்சிட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. 'கருப்பு மருதாணி' என்று விற்பதை மட்டும் தொடாதீர்கள். தலைமுடிச் சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற பொருளை அதில் கலக்கிறார்கள். கொப்புளமும் தழும்பும் வரும். ஒருமுறை அது ஒவ்வாமையாகிவிட்டால் அந்தச் சாயம் வாழ்நாள் முழுக்க ஆகாது.

பழம்பேனா:
கையெழுத்து என்பதால் ஒரு விண்ணப்பம். கடிதத்தை அலைபேசியில் சாய்த்துப் படமெடுக்காமல் ஸ்கேனரில் உயர்ந்த தெளிவில் எடுங்கள். பாட்டியின் எழுத்தை யாரும் அழகுபடுத்த விடாதீர்கள். ஓர் எழுத்து கீழே இறங்கியிருக்கும், பேனா தடுக்கிய இடத்தில் மை கூடியிருக்கும். அதையெல்லாம் நேராக்கிவிட்டால் அது கணினி எழுத்து, பாட்டி இல்லை.

இன்னொரு கவலை, டாட்டூ போடுகிறவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் வருவது. படத்தைக் கணினியில் சுத்தம் செய்யும்போது தாளில் இருக்கும் தூசு என்று நினைத்து மெய்ப்புள்ளியை அழித்துவிடுவார்கள். கையெழுத்தில் அல்லாமல் தட்டச்சு செய்து கொடுப்பவர்களுக்கு வேறு தொல்லை. சில மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். எனக்குத் தெரிந்த ஒருவரின் முதுகில் அப்படி ஒரு 'வெற்றி' பரிதாபமாக நிற்கிறது. ஸ்டென்சிலை நீங்களும், தமிழ் தெரிந்த இன்னொருவரும் எழுத்துக் கூட்டி வாசித்த பிறகே ஊசி இறங்க வேண்டும்.

தூறல்:
புள்ளி விஷயம் என் மூளைக்கு எட்டவே இல்லை. நன்றி ஐயா. கடைசியாக, அன்றைக்கு என்ன செய்ய வேண்டும், பிறகு எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்? நீச்சல் வகுப்புக்கும் போய்க்கொண்டிருக்கிறேன்.

இரவுப்பணி:
நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் மயக்கம் வரும். அதற்கு முந்தைய நாள் மது வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்கட்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் தள்ளிவைக்கட்டும்; சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவரட்டும்.

போன இடத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதாக, உங்கள் கண்ணெதிரே உறை பிரிக்கப்பட வேண்டும். மையைக் குப்பியிலிருந்து சிறு மூடிகளில் ஊற்றி எடுக்க வேண்டும். மிச்சத்தைக் குப்பிக்குள் திரும்ப ஊற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். நடுவில் அலைபேசியைத் தொட்டால் கையுறையை மாற்ற வேண்டும். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி மூன்றும் இரத்தம் வழியே பரவுபவை. பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது, போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

பிறகு? வாசனையில்லாத மென்மையான சோப்பில் கழுவி, ஒற்றி எடுத்து, களிம்பை மெல்லிசாகப் பூசினால் போதும். அப்பிக்கொள்ள வேண்டாம். சில நாளில் தோல் உரியும், அரிக்கும். சொறியாதீர்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள். மேற்புறம் ஆற இரண்டு முதல் நான்கு வாரம். அதுவரை நீச்சல் குளம், கடல், தொட்டிக் குளியல் எதுவும் கூடாது, குளிப்பதில் தடையில்லை. வெயில் படாமல் துணியால் மறையுங்கள். ஆறிய பிறகு எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூசுங்கள். சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ டாட்டூ போட்டவரிடம் ஓடாமல் மருத்துவரிடம் போங்கள். இரத்ததானம் செய்கிறவராக இருந்தால் சில மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். நாட்டுக்கு நாடு கணக்கு வேறு.

தூறல்:
நீச்சல் பருவம் முடிந்ததும் தேதி வாங்கிக்கொள்கிறேன். ஆறிய படத்தைத்தான் இங்கே போடுவேன், ஊசிமுனை அண்ணா.

கொக்கி:
இழையை மூடுவதற்கு முன் என் கேள்வி ஒன்று. என் மேற்கையில் மூன்று மச்சங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றை நட்சத்திரக் கூட்டமாக மாற்றிக் கருப்பால் நிரப்பலாம் என்று நினைத்தேன். சரிவருமா?

இரவுப்பணி:
மச்சத்தின் மேல் மை ஏற்றாதீர்கள், தம்பி. மச்சத்தின் விளிம்போ நிறமோ அளவோ மாறுகிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தோல் புற்றை ஆரம்பத்திலேயே பிடிக்கிறார்கள். அதைக் கருப்பால் மூடினால் பார்க்க வழியே இருக்காது. கோடுகளை மச்சத்துக்கு அரை சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். மூன்றில் எதுவாவது சமீபத்தில் மாறியிருந்தால், முதலில் தோல் மருத்துவர்.

கொக்கி:
நடுவில் இருப்பது கொஞ்சம் பெரிதானதுபோல்தான் தோன்றுகிறது. நாளைக்கே காட்டிவிடுகிறேன்.